ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை

மன்னார்க் கரையிலுள்ள பேசாலையில் பிறந்த ஒருத்தி கொழும்பில் கதிரியக்கப் பாதுகாப்புக் கந்தோரில் வேலை செய்கிறாள் என்றால், ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியக் கரையில் இருக்கிற அணு மின் நிலையத்தில் ஏதாவது நடந்தால் முதலில் எனக்குத் தெரியவரும், நான் உடனே அக்காவுக்குப் போன் எடுப்பேன், அக்கா ஊருக்குச் சொல்லுவாள். லீவில் போய் பஸ்ஸால் இறங்கினால் வீடு போய்ச் சேருவதற்குள் யாராவது மறித்துக் கேட்பார்கள். "என்ன பிள்ளை, அங்கால எல்லாம் சுகமோ?" அந்த நிலையத்தை நோயில் கிடக்கும் சொந்தக்காரரைப்போல விசாரிப்பார்கள். "சுகம்தான்" என்று சொல்லிக்கொண்டு நடப்பேன்.

உண்மையில் எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் கந்தோருக்கும் தெரியாது. காற்றில் இருக்கும் கதிரியக்கத்தை அளக்கிற கருவிகளை எங்கள் கரையோரமாகச் சில இடங்களில் தூணில் மாட்டி வைத்திருந்தோம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

நான் அந்த வேலையில் சேர்ந்தது சோதனை செய்வதற்காக. ஆபத்தான பொருளை எவன் வைத்திருக்கிறானோ அவனைப் போய்ச் சோதிப்பது, பிழை இருந்தால் மூடச் சொல்வது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே அறைகளுக்குப் போயிருக்கிறேன். கதவு ஒழுங்காகப் பொருந்தாத ஓர் அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பெரிய டொக்டர் ஒருவர் என்னோடு கத்தினார். நான் அசையவில்லை, ஏனென்றால் சட்டம் என் பக்கம் இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்தான அந்த அணு உலை எங்கள் கடலுக்கு அப்பால், வேறொரு நாட்டின் வேலிக்குள் இருந்தது. அதன் வாசலைக்கூட எங்களில் ஒருவரும் கண்டதில்லை. உலையைச் சோதிக்க முடியாதவர்கள் கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? எங்கள் சனத்தைச் சோதித்தோம்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கரையோரக் கிராமம் ஒன்றில் அவசரகால ஒத்திகை நடத்துவது என்று முடிவானது. ஊர் பேசாலை. என்னைச் சேர்த்ததற்குக் காரணம் நான் அந்த ஊர்க்காரி, தமிழ் எழுதுவேன் என்பதுதான். திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் ஊருக்குள் வரும். சனம் வீட்டுக்குள்ளே போய் கதவு யன்னல்களைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரத்தில் இருக்கிற நிலையத்துக்கு ஊரை விட்டு ஓடத் தேவையில்லை, உள்ளே இருந்தாலே போதும். ஒரு குழு வீடு வீடாக கதிரியக்கத்திலிருந்து தைராய்டைக் காக்கிற அயோடின் குளிசை கொடுப்பதுபோல நடிக்கும். சில தொண்டர்கள் காயம்பட்டவர்களாக நடிப்பார்கள். அவர்களை அம்புலன்சில் ஏற்றிப் பழகுவார்கள்.

ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியதைத் தமிழில் நான்தான் எழுதினேன். முதல் வசனம்: "இது ஒத்திகை. உண்மையான ஆபத்து எதுவும் இல்லை." நடுவிலும் அதை எழுதினேன், முடிவிலும் எழுதினேன். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் ஊருக்குள் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றும் தெரியும். பங்குத்தந்தை ஞாயிறு பூசையில் அறிவிப்பார், அதற்கடுத்த கிழமை ஒத்திகை என்று பேசி முடித்திருந்தோம்.

பிறகு வெளிநாட்டு நிபுணர்கள் இரண்டு பேர் பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அவர்களுக்கு எங்கள் நாள் ஒத்துவரவில்லை. உடனே ஒத்திகையை முன்னுக்குத் தள்ளினார்கள். அறிவிப்பதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னமே. மன்னாருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், அதுவும் அன்று காலையில், எங்களுக்குச் சொன்னார்கள்.

ஒத்திகைக்குப் பொறுப்பான பெரியவர் ஒரு தமிழர். கொழும்பில் வளர்ந்தவர், படித்தவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "சேர், ஊருக்கு இன்னும் சொல்லேல்லையே" என்றேன்.

"ஒலிபெருக்கியில சொல்லத்தானே போறம், தங்கச்சி."

"ஃபாதருக்கு மட்டுமாவது ஒருக்கா சொல்லுவம்."

"அவருக்குச் சொன்னா மணி அடிச்சு ஊரைக் கூட்டிப்போடுவார். நிபுணர்கள் இயல்பான நிலையைப் பார்க்க வேணும்."

நான் வாகனத்துக்குப் பின்னால் போய் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவள் தூக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் கரையில், மீன் காயவைக்கிற வாடியில் கருவாடு பிரட்டிக்கொண்டிருப்பாள், போன் வீட்டில் கிடக்கும். பங்குத்தந்தையின் போன் அணைந்திருந்தது. என்றாலும் எனக்குப் பெரிய பயம் இருக்கவில்லை. முதல் வசனம் காதில் விழுந்த உடனே எல்லோருக்கும் விளங்கிவிடும் என்று நினைத்தேன்.

விளையாட்டு மைதானத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். உள்ளே கதிரைகள், வரைபடம், குளிர்ந்த சோடாப் போத்தல்கள். நிபுணர்கள் தொப்பி போட்டுக்கொண்டு இருந்தார்கள். முதல் வாகனம் சந்தியைத் தாண்டி ஊருக்குள் போனது. அதற்குப் பின்னால், ஒழுங்கு பார்ப்பதற்கென்று, இரண்டு ஆமி வாகனங்கள். பதிவு செய்த பெண் குரல் ஒன்று கேட்டது.

"அவதானம். கதிரியக்கம் பரவி வருகிறது. உடனடியாக வீடுகளுக்குள் செல்லுங்கள். கதவு யன்னல்களை மூடுங்கள். கடலில் உள்ளவர்கள் கரைக்குத் திரும்புங்கள். மீன் உண்ணாதீர்கள்."

முதல் வசனம் என் காதில் விழாமல் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கவனமாகக் கேட்டேன். இல்லை. நடுவில் இல்லை. முடிவிலும் இல்லை.

நான் பெரியவரிடம் போனேன். "சேர், ஒத்திகை எண்ட சொல் எங்கே?"

அவர் நிபுணர்களைப் பார்த்துச் சிரித்தபடியே தணிந்த குரலில் சொன்னார். "சிங்களப் பதிவில இருக்குது. தமிழில நீளமாப் போச்சு, வெட்டினது. அதோட, அந்தச் சொல்லைச் சொன்னா உங்கட ஆக்கள் ஒருத்தரும் அசையமாட்டினம். சும்மா பார்த்துக்கொண்டு நிப்பினம்."

"இந்த ஊரில சிங்களத்தில கேட்டு விளங்குற ஆக்கள் எத்தனை பேர், சேர்?"

"பிறகு கதைப்பம், தங்கச்சி. இப்ப போய் வரைபடத்துக்குப் பக்கத்தில நில்லுங்கோ."

உங்கட ஆக்கள் என்றார். அந்தச் சொல்லை இப்போது எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் போய் நிற்கவில்லை. கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது சனம் ஓடத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள்ளே போகவில்லை, வீடுகளை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை என்று கத்தினேன், ஒலிபெருக்கியின் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. எங்கள் ஊரில் யுத்தகாலத்தில் வீட்டுக்குள்ளே இருந்தவர்கள் செத்தார்கள், பங்குக் கோயிலுக்கு ஓடியவர்களில் பலர் தப்பினார்கள். அந்தப் பழக்கம் உடம்பில் ஏறிப்போயிருந்தது. ஆமி வாகனமும் ஒலிபெருக்கியும் ஒன்றாக வந்தால் கால் தானாகக் கோயில் பக்கம் திரும்பும். கொஞ்சப் பெண்கள் கோயிலுக்கு ஓடாமல் கடற்கரைக்கு ஓடினார்கள், புருஷன்மார் கடலில் நின்றார்கள். சீலைத் தலைப்பைக் கழற்றி வீசிக்காட்டி, தண்ணீருக்குள் இறங்கி நின்று கத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்ற படகுகளுக்கு அது எப்படிக் கேட்கும்?

அக்கா வாடியிலிருந்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அத்தான் கடலில். வீட்டில் அத்தானுடைய தாய், எங்களுக்கு மாமி, பொல்லு ஊன்றி நடக்கிறவ. அவவைத் தூக்க அக்காவால் ஏலாது. அந்த வழியால் வந்த லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை மறித்து, ஏற்கெனவே சனம் நிறைந்திருந்த பின்பெட்டிக்குள் மாமியை ஏற்றித் தானும் ஏறியிருக்கிறாள். கோயிலடித் திருப்பத்தில் வண்டி சரிந்தது. கவிழவில்லை. ஆனால் ஓரத்தில் இருந்த மாமி றோட்டில் விழுந்துவிட்டா.

நான் அந்த இடத்துக்குப் போனபோது அவ மதில் ஓரமாகக் கிடந்தா. ஒரு கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அக்கா மாமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மாமி தன் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி கடலில நிக்கிறான். ஆரும் போய் அவனைக் கூப்பிடுங்கோவன்" என்று மகனைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா.

கொஞ்சம் தள்ளி, மர நிழலில், ஒத்திகைக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த அம்புலன்ஸ் நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்பு மை பூசிய ஒரு பெடியன் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தான். பக்கத்தில் முழு உடம்பையும் மூடிய வெள்ளை உடுப்போடு ஓர் உத்தியோகத்தர். நான் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "ஒரு வயசுபோன மனுசி விழுந்து கால் உடைஞ்சு கிடக்கிறா. கெதியா வாங்கோ."

அவர் முகமூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இது ஒத்திகைக்கு ஒதுக்கின வண்டி, மிஸ். எங்கட நோயாளியைக் கூடாரத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேணும். உண்மையான கேஸ் எண்டா மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போன் அடியுங்கோ."

அதை அவர் சத்தமாகத்தான் சொன்னார். மாமியைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அந்த ஊர்ச் சனத்தின் காதில் விழ ஒத்திகை என்ற சொல்லை முதன்முதலாகச் சொன்ன மனிதர் அவர்தான்.

ஒரு பெண் விளங்காதவள்போலக் கேட்டாள். "ஒத்திகையோ? என்ன ஒத்திகை?"

அக்கா மாமியின் தலையை மெதுவாக இன்னொருத்தியின் மடிக்கு மாற்றிவிட்டு எழும்பி வந்தாள். உடம்பெல்லாம் மணல், கையில் மீன் செதில். "என்ன சொன்னனீர்? திருப்பிச் சொல்லும்."

அவர் முகமூடியைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்.

"சொல்லும்! என்ர புருஷன் கடலில நிக்கிறார். பொம்பிளையள் கழுத்தளவு தண்ணியில நிண்டு கத்துகினம். கிழவி றோட்டில கிடக்கிறா. நீங்கள் விளையாடுறியளோ?"

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பெடியன் எழும்பி இருந்தான். ஒருவரையும் கேட்காமல் இறங்கி, ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தான். முகத்தில் அந்தச் சிவப்பு மையோடேயே வந்து மாமியைத் தூக்க உதவினான். உத்தியோகத்தர் வோக்கிடோக்கியில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். அனுமதி வந்ததோ தெரியாது. சனம் வண்டியைச் சுற்றி நின்ற விதத்தைப் பார்த்த டிரைவர் அதற்குக் காத்திருக்கவில்லை. அக்கா மாமியோடு ஏறினாள். நானும் ஏறப் போனேன். "நீ வேண்டாம்" என்றாள். கதவைச் சாத்தினார்கள்.

அத்தான் பின்னேரம் வழமைபோலக் கரைக்கு வந்தார். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

மாமிக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அவவுடைய இருதயம் ஒப்பரேஷனைத் தாங்காது என்று டொக்டர்மார் சொன்னார்கள். சில கிழமைகளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொல்லோடு வளவெல்லாம் சுற்றித் திரிந்த மனுசி அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழும்பவில்லை.

ஒத்திகையை மதிப்பிடும் கூட்டம் மன்னாரில் நடந்தது. திரையில் படம் காட்டினார்கள். கருவிகள் வேலை செய்தது திருப்தி. வாகனங்கள் நேரத்துக்கு வந்தது திருப்தி. பொதுமக்களின் ஒத்துழைப்பு மட்டும் திருப்தியில்லை. சொன்னபடி வீட்டுக்குள்ளே போகவில்லையாம். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது, துண்டுப்பிரசுரம் அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. காயப்பட்டவர்கள் என்ற இடத்தில் நடித்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது.

நான் எழும்பினேன். அதுவரை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்காமல் பேசியதில்லை. "எங்கட சனத்துக்கு விழிப்பு இல்லை எண்டு ஆர் சொன்னது? ஒரு சத்தம் கேட்டா எழும்பி ஓடிப் பழகின சனம் அது. நித்திரையிலயும் விழிப்பாத்தான் கிடந்தது. நீங்கள் ஒரு சொல்லை வெட்டினியள். ஒரு மனுசி இப்ப கட்டிலில கிடக்கிறா. அவவை உங்கட கணக்கில காணேல்ல."

பெரியவர் பொறுமையாகத் தலையாட்டினார். "தங்கச்சி, அது உங்கட சொந்தக்காரர் எண்டு கேள்விப்பட்டன். மனவருத்தம்தான். ஆனா உணர்ச்சிவசப்பட்டு இதைப் பார்க்கக்கூடாது. அந்தச் சொல்லை எடுத்தது ஒரு தொழில்நுட்பத் தீர்மானம்."

நான் சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று. சிலர் தலையைக் குனிந்தார்கள். ஒருவர் எழும்பி என் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். அந்த எக்ஸ்ரே அறையின் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவர எனக்கு அதிகாரம் தந்த அதே கந்தோர், தன் சொந்தப் பிழைக்கு முன்னால் என்னைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்தது.

அதோடு முடியவில்லை. "மீன் உண்ணாதீர்கள்" என்ற அந்தக் குரலை யாரோ போனில் பதிவு செய்திருந்தார்கள். அது ஊரூராகப் போய், கொழும்பு மீன் சந்தை வரைக்கும் போய்விட்டது. மீன் ஏற்ற வரும் லொறிகள் வரவில்லை. பேசாலை மீன் மட்டுமல்ல, பள்ளிமுனை மீன், ஓலைத்தொடுவாய் மீன், எதுவும் வேண்டாம் என்றார்கள். பிடித்ததை எல்லாம் கருவாடு போட்டார்கள். அதையும் வாங்க ஆளில்லாமல் கடற்கரை மணலில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். எங்கள் கந்தோர் ஒரு மறுப்பு அறிக்கை விட்டது, சிங்களத்திலும் இங்கிலீசிலும். தமிழ் எங்கே என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் லீவு என்றார்கள். நானே எழுதிக் கொடுத்தேன். அது வெளிவந்த நேரம் சனம் பாதி வலைகளைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டது.

நான் ஊருக்குப் போனேன். யாரும் மறித்துச் சுகம் விசாரிக்கவில்லை. அக்கா மாமிக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அண்டைக்குப் போன் எடுத்தனான். நீங்கள் தூக்கேல்ல."

"தெரியும். பிறகு பார்த்தனான்."

"அந்தச் சொல்லை நான் எழுதிக் கொடுத்தனான். அவையள் வெட்டிப்போட்டினம்."

அவள் துணியைப் பிழிந்தாள். "எனக்கு இதெல்லாம் சொல்லி என்ன செய்யிறது, பிள்ளை? மனுசியை மற்றப் பக்கம் பிரட்ட வேணும். வந்து ஒரு கை பிடி."

பிடித்தேன். மாமி என்னைப் பார்த்து, "எப்ப வந்தனி?" என்று கேட்டா. அவவுக்கு என்மேல் ஒரு கோபமும் இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கொழும்புக்குத் திரும்பி, ஒத்திகை நடத்தும் விதிகளில் இரண்டைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன். ஊரிலுள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை எல்லாவற்றிலும் முன்கூட்டியே சொல்லாமல் ஒத்திகை வைக்கக்கூடாது. உண்மையான நோயாளிக்கென்று ஒரு அம்புலன்ஸ் தனியாக நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பல கூட்டங்களில் அவை கடைசி விடயமாகத் தள்ளப்பட்டன. கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். பெரியவர் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அவற்றைத் தன் அனுபவத்தில் கண்ட படிப்பினைகள் என்று பேசினாராம். திரும்பி வந்து எங்களுக்கு சொக்லேட் தந்தார். நான் எடுக்கவில்லை.

அதற்குள் மாமி செத்துப்போனா. சளி நெஞ்சில் கட்டியது. மரணச் சான்றிதழில் நியூமோனியா என்று இருந்தது. அது பொய்யில்லை. ஏன் கட்டிலில் கிடந்தா என்று அதில் எந்த இடத்திலும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த ஒத்திகை அதே ஊரில் நடந்தது, இந்த முறை விதிப்படி. பங்குத்தந்தை இரண்டு ஞாயிறு அறிவித்தார். ஒலிபெருக்கியில் பதிவு செய்த என் குரலே போனது. ஒத்திகை, ஒத்திகை என்று சலிக்கச் சலிக்கச் சொல்லியிருந்தேன். ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் வீட்டுக்குள்ளே போகவும் இல்லை. வலை தைத்தவர்கள் தலை நிமிராமல் தைத்தார்கள். கடையில் நின்றவர்கள் வாகனத்தைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்தார்கள். கூடாரத்துக்குள் பெரியவர் என்னைப் பார்த்தார். "நான் அண்டைக்கே சொன்னனான், தங்கச்சி. அந்தச் சொல்லைப் போட்டா அசையமாட்டினம்."

அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. இந்தச் சனம் அசையாமல் இருக்கக் காரணம் அந்தச் சொல் இல்லை, முதல் தடவை அவர் செய்த வேலை. நாளைக்கு அக்கரையில் உண்மையாகவே ஏதாவது நடந்து, நாங்கள் உண்மையாகவே உள்ளே போகச் சொன்னால், யார் நம்பப் போகிறார்கள்? எந்தக் கருவியைத் தூணில் மாட்டி அந்த நம்பிக்கையைத் திருப்பிக் கொண்டுவருவது?

நான் கடற்கரைக்கு நடந்தேன். அக்கா வாடியில் நின்றாள், வெயிலில் பரப்பிய மீனுக்கு நடுவில்.

"அக்கா, ஒருக்கா உள்ளுக்குப் போய் இருங்கோ. கனநேரம் இல்லை. பழகி வைக்கிறது நல்லதுதானே."

"நீதானே கத்தினது? கேட்டது" என்றாள்.

"அப்ப போங்கோவன்."

"ஓம், போறன். இதைப் பிரட்டி முடிச்சிட்டுப் போறன்."

குனிந்து அடுத்த வரிசையைப் பிரட்டத் தொடங்கினாள். மீன் நிறையக் கிடந்தது. வாகனம் என் குரலோடு இன்னொரு தடவை சுற்றி வந்து, மைதானத்துக்குத் திரும்பிப் போனது. அவள் இன்னும் முடிக்கவில்லை.